நேர்சிங் படிக்க எந்த வழி? டிப்ளோமா, பட்டம், தனியார் கல்லூரி

ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்திருக்கிறது. உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. மருத்துவபீடத்துக்கு மட்டும் போதாது. விறாந்தை மேசையில் மூன்று தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல். இரண்டாவது, பழைய வர்த்தமானி ஒன்றின் போட்டோப் பிரதி. சுகாதார அமைச்சு தாதிய மாணவர்களைச் சேர்ப்பதற்கு விட்ட அறிவித்தல். மூன்றாவது, வவுனியா பஸ் நிலையத்தில் யாரோ கையில் திணித்த வண்ணத் துண்டுப்பிரசுரம்: இரண்டு வருடத்தில் நேர்சிங் டிப்ளோமா, உடனே வெளிநாட்டு வேலை.

தாய் கேட்கிறார்: "மூண்டும் நேர்சிங்தானே பிள்ளை? எது கெதியா முடியுதோ அதுக்குப் போவன்."

நியாயமான கேள்வி. மூன்று தாளிலும் ஒரே சொல்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் மூன்றும் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கும் இடம் வேறு வேறு. எது பெரிது, எது சிறிது என்று ஒப்பிடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதை முதலில் கேட்டால் மற்றவை தாமாக ஒழுங்குக்கு வரும்.

முதல் கேள்வி: பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்?

இலங்கையில் தாதியர் தொழிலுக்கென்று ஒரு சபை உண்டு. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைத் தாதியர் சபை அது. படிப்பை முடித்த ஒருவர் பதிவு பெற்ற தாதியாக ஏற்கப்படுவாரா என்பது அந்தப் பதிவேட்டைப் பொறுத்தது. சான்றிதழ் எவ்வளவு தடித்த தாளில் அச்சாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல.

ஆகவே எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் முதலில் கேளுங்கள்: "இதை முடிச்சா தாதியர் சபையில பதியலாமோ? போன வருசம் முடிச்சவை பதிஞ்சிருக்கினமோ?" ஆம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். "அது பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.

இந்தப் பதிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சேலைன் போத்தலை வைத்துப் பார்க்கலாம். மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையில் இரவுக் கடமை என்று வைத்துக்கொள்வோம். கட்டில் அட்டையில் வைத்தியர் எழுதியிருக்கிறார்: 500 மில்லிலீற்றர் சேலைன், நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். கையில் இருக்கும் குழாய்த்தொகுதி ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும். 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 துளி. நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 துளி. நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்துத் துளியை எண்ணி, சக்கரத்தைத் திருகி, 42இல் நிறுத்துவார். நோயாளி இருதய நோய் உள்ள முதியவர் என்றால், இந்த வேகம் அவருக்குத் தாங்குமா என்று யோசிப்பார். தாங்காது என்று பட்டால் வைத்தியரை எழுப்புவார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து நெஞ்சில் சளிச்சத்தம் கேட்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்ப்பார்.

கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். திருகுவதற்கும் யோசிப்பதற்கும் வைத்தியரை எழுப்புவதற்குமான பொறுப்பைத்தான் பதிவேடு ஒருவரிடம் கொடுக்கிறது. அது இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சக்கரத்தில் தானாகக் கை வைக்க முடியாது.

நான்கு வழிகள்

இலங்கையில் பிள்ளைகள் நேர்சிங் என்று சொல்லிப் போகும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. மூன்று ஆண்டு டிப்ளோமா.

இரண்டு, அரச பல்கலைக்கழகம். நான்கு ஆண்டு தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம்.

மூன்று, தனியார் கல்லூரி அல்லது தனியார் வைத்தியசாலையின் பயிற்சி. காலமும் கட்டணமும் இடத்துக்கிடம் மாறும்.

நான்கு, தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் தரும் தாதிய உதவியாளர், பராமரிப்பாளர் பாடநெறிகள்.

முதல் இரண்டும் பதிவு பெற்ற தாதியாவதற்கான நேர் வழிகள். மூன்றாவது சில இடங்களில் அங்கே கொண்டுபோகும், சில இடங்களில் போகாது. நான்காவது வேறொரு தொழிலுக்கான வழி. அதற்கும் மரியாதை உண்டு, ஆனால் அது தாதியர் தொழில் அல்ல.

வர்த்தமானி வழி: மூன்று ஆண்டு டிப்ளோமா

வன்னிப் பிள்ளைகளுக்கு மிகப் பழகிய வழி இது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அமைச்சின் தாதியர் கல்லூரிகள் இருக்கின்றன. ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகவோ, மாங்குளத்துக்குப் போய் ஏ-9 வீதியாலோ வவுனியாவுக்குப் போய்விடலாம். ஆனால் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதை அமைச்சே தீர்மானிக்கும். வவுனியாதான் வேண்டும் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள்.

இந்த வழிக்கு மூன்று சிறப்புகள். கட்டணம் இல்லை. படிக்கும் காலத்தில் மாதக் கொடுப்பனவு உண்டு. முடித்தவுடன் அரச சேவையில் தாதிய உத்தியோகத்தராக நியமனம் பெறுவதற்காகவே ஆட்களைச் சேர்க்கிறார்கள். வயல் ஒரு போகம் பிழைத்தால் கடன் ஏறும் வீட்டுக்கு இந்த மூன்றும் சேர்ந்து பெரிய ஆறுதல்.

சிக்கல்களும் உண்டு. அண்மைய ஆண்டுகளில் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தவர்களையே அழைக்கிறார்கள். வயது, உயரம், திருமண நிலை பற்றிய நிபந்தனைகளும் வர்த்தமானியில் வந்திருக்கின்றன. அவை ஆண்டுக்காண்டு மாறக்கூடும். ஆகவே போன முறை அக்கா விண்ணப்பித்த கதையை நம்பாமல், அந்தந்த முறை வரும் வர்த்தமானியைத் தமிழில் எடுத்து ஒவ்வொரு பந்தியாக வாசியுங்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். பிரதேச செயலகத்திலும் கேட்கலாம்.

அடுத்த சிக்கல் காத்திருப்பு. பெறுபேறு வந்த கையோடு அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று ஆண்டு உயர்தர அணிகளைச் சேர்த்து ஒரே அறிவித்தலில் அழைத்த காலங்களும் உண்டு. அந்த இடைவெளியில்தான் துண்டுப்பிரசுரக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

கல்லூரியில் சேரும்போது உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட வேண்டியிருக்கும். முடித்தபின் எத்தனை ஆண்டு அரச சேவையில் இருக்க வேண்டும், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையொப்பமிடுமுன் வாசியுங்கள். பிணை நிற்பவரும் வாசிக்க வேண்டும்.

கைநூல் வழி: நான்கு ஆண்டுப் பட்டம்

இலங்கையில் தாதியர் பட்டப்படிப்பு மிகப் பழையது அல்ல. திறந்த பல்கலைக்கழகம் 1994இல் ஏற்கனவே வேலையில் இருந்த தாதியருக்காக அதைத் தொடங்கியது. பள்ளிக்கூடம் முடித்து நேரே சேரும் பட்டப்படிப்பு அரச பல்கலைக்கழகங்களுக்கு 2000க்குப் பிறகே வந்தது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு பிள்ளையாரடியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும் தாதியப் பட்டப்படிப்பு உண்டு. பேராதனை, ருகுணு, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகங்களிலும் உண்டு. வவுனியாவில் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் உருவானதால் அங்கேயும் இருக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் இருப்பதும் அங்கே தாதியம் இருப்பதும் வேறு. கைநூலில் தாதியத்துக்கு நேரே எந்தப் பல்கலைக்கழகங்கள் அச்சாகியிருக்கின்றன என்பதை மட்டும் நம்புங்கள்.

இங்கே இசட் புள்ளிதான் திறப்பு. அதில் வன்னிக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. இப்படியான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறில் அடங்கும். இந்த மாவட்ட ஒதுக்கீடுகளால் யாழ்ப்பாணத்து உறவுப்பிள்ளைக்குக் கிடைக்காத புள்ளியோடு முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கக்கூடும். கைநூலின் பின்பகுதியில் முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளி அட்டவணை இருக்கும். அதில் தாதியத்துக்கு நேரே உங்கள் மாவட்டத்து நிரலைப் பாருங்கள். மற்ற மாவட்டத்து எண்ணைப் பார்த்து மனம் விட வேண்டாம்.

ஒரு கவனம். உங்கள் மாவட்டம் எது என்பது வீட்டு விலாசத்தால் முடிவாவதில்லை. உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதைக் கொண்டே முடிவாகிறது. முள்ளியவளை வித்தியானந்தாவில் படித்த பிள்ளைக்கும், விஞ்ஞானம் படிப்பதற்காக யாழ்ப்பாணத்துக்கு மாறிய பிள்ளைக்கும் இந்த விதி வேறு விதமாக வேலை செய்யலாம். பாடசாலை மாறியவர்கள் அந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.

விருப்ப வரிசையும் விளையாட்டு அல்ல. எழுதிய வரிசையில் மேலே இருப்பதில் எதற்குப் புள்ளி போதுமோ அதுவே கிடைக்கும். நேர்சிங்தான் மனதில் என்றால், "எதுக்கும் போட்டு வைப்பம்" என்று வேறொன்றை அதற்கு மேலே எழுதாதீர்கள்.

பட்டப்படிப்புக்கும் கட்டணம் இல்லை. மாதச் சம்பளம்போல் எதுவும் வராது. தகுதி உள்ளவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசில் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது. அறை வாடகை, சாப்பாடு, சீருடை, வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாவற்றுக்கும் அது காணாது. நான்கு ஆண்டுக்கும் வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று முதலே கணக்குப் போடுங்கள். பட்டம் முடித்தவர்கள் அரச நியமனத்துக்காகக் காத்திருந்த காலங்களும் உண்டு. அந்தக் காத்திருப்பையும் கணக்கில் சேருங்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வைத்தியசாலை விடுதியில் நின்று பார்த்தால் உடனே தெரியாது. டிப்ளோமாக்காரரும் பட்டதாரியும் ஒரே வெள்ளைச் சீருடையில் ஒரே சேலைனைத்தான் எண்ணுகிறார்கள். மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, குருதியமுக்கம் எடுப்பது, சாகப்போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பது எல்லாம் ஒன்றே. கைவேகத்தைப் பார்த்தால், மூன்று ஆண்டும் வைத்தியசாலையோடு ஒட்டிக் கிடந்த டிப்ளோமா மாணவி சில நேரம் முந்தியும் நிற்பார்.

வித்தியாசம் மெல்லத் தெரியும். பட்டப்படிப்பில் ஆராய்ச்சி, புள்ளிவிபரவியல், சமூக சுகாதாரம், முகாமைத்துவம் கூடுதலாக வரும். கடைசி ஆண்டில் ஒரு ஆய்வு எழுத வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க டிப்ளோமா மாணவி பழகுகிறார். அப்படித் திருப்பும் விடுதியில் உண்மையிலேயே புண் குறைந்ததா என்று எண்ணிப் பார்க்கப் பட்ட மாணவி பழகுகிறார். முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயன் இல்லை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது பல காலம் மாறாமலே போய்க்கொண்டிருக்கும்.

விரிவுரையாளராக, ஆராய்ச்சியாளராக, முதுகலைப் படிப்புக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்குப் பட்டம் நேர்வழி. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். அதிலிருந்து முதுமாணிக்கு ஏறலாம்.

டிப்ளோமாவோடு ஏணி முடிந்துவிடாது

"டிப்ளோமாவுக்குப் போனால் காலம் முழுக்க டிப்ளோமாதானே" என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். அந்தக் கவலை தேவையில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டப்படிப்பு இதற்காகவே பிறந்தது. வேலையில் இருந்துகொண்டு, சம்பளம் எடுத்துக்கொண்டு, விடுமுறையிலும் இரவிலும் படித்துப் பட்டம் பெறலாம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. வைத்தியசாலைக்குள் மேலே போக விரும்புவோருக்கு அமைச்சின் உயர்பயிற்சிகளும் உண்டு. விடுதிப் பொறுப்புத் தாதியாகவும் தாதியர் ஆசிரியராகவும் போனவர்கள் பலர் அந்த வழியால் ஏறியவர்களே.

அமெரிக்காவிலும் இதே ஏணிதான். 1952இல் மில்ட்ரெட் மொன்டாக் என்ற தாதியர் கல்வியாளர், வீட்டுக்கு அருகில் உள்ள இரண்டாண்டுச் சமூகக் கல்லூரிகளில் தாதியர் பயிற்சியைத் தொடங்கும் திட்டத்தை முன்னெடுத்தார். அங்கே இரண்டாண்டுப் படிப்பு முடித்தவரும் நான்காண்டுப் பட்டதாரியும் எழுதுவது ஒரே உரிமப் பரீட்சை. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பிள்ளைகுட்டிக்காரரும் அந்தக் குறுகிய வழியால் தாதியரானார்கள். பின்பு 2017இல் நியூயோர்க் மாநிலம் ஒரு சட்டம் செய்தது: புதிதாகச் சேரும் தாதியர் பத்து ஆண்டுக்குள் பட்டத்தையும் முடிக்க வேண்டும். கீழ்ப்படியை அவர்கள் எடுத்துவிடவில்லை. அடுத்த படியில் ஏறச் சொன்னார்கள். ஒட்டுசுட்டான் பிள்ளைக்கும் பார்க்க வேண்டியது அதுவே: நிற்கும் படிக்கு மேலே இன்னொரு படி இருக்கிறதா?

தனியார் கல்லூரி: கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

தனியார் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. நல்ல பயிற்சி தரும் இடங்களும் உண்டு. ஆனால் ஒரு படிக்கு மேலே படியே இல்லாத ஏணிகள் இங்கேதான் விற்பனைக்கு வருகின்றன. அதனால் கேள்வியும் இங்கேதான் கூட.

முதலாவது, பதிவு. மேலே சொன்ன அதே கேள்வி. தாதியர் சபையிடமே நேரில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கல்லூரி சொல்வது போதாது.

இரண்டாவது, வைத்தியசாலை. செய்முறைப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மணித்தியாலம், பிரசவ விடுதியும் சிறுவர் விடுதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் அதில் அடங்குமா? பொம்மையில் மட்டும் ஊசி போட்டுப் பழகியவருக்கு நோயாளியின் நாளத்தைத் தேடும்போது கை நடுங்கும்.

மூன்றாவது, யாருடைய சான்றிதழ். தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே பதிந்த நிறுவனம் என்பது ஒரு நல்ல அடையாளம். ஆனால் அந்தப் பதிவு வேறு, தாதியராகப் பதிவது வேறு. விளம்பரங்கள் இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாக்கிக் காட்டும்.

நான்காவது, வெளிநாட்டுப் பட்டம் என்றால் என்ன பட்டம். ஏற்கனவே தாதியராக இருப்பவர் ஓராண்டு மேலதிகமாகப் படித்துப் பட்டமாக்கும் பாடநெறிகள் உண்டு. அவை தாதியருக்கான மேற்படிப்பு. தாதி அல்லாதவரை அவை தாதியாக்காது. சான்றிதழில் பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதால் பிரித்தானியாவில் பதிவு கிடைத்துவிடாது.

ஐந்தாவது, முழுச் செலவு. சேர்வுக் கட்டணம் மட்டும் கேட்டு வராதீர்கள். பரீட்சைக் கட்டணம், சீருடை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், விடுதி வாடகை, இடையில் விட்டால் திருப்பித் தரும் தொகை எல்லாம் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தோட்டக் காணியை ஈடுவைக்க நினைத்தால் அதற்கு முன் இந்தத் தாளை ஊரில் உள்ள ஒரு நேர்ஸிடமோ ரீச்சரிடமோ காட்டுங்கள்.

என்.வி.கியூ.: பெயரைச் சரியாகச் சொல்லி எடுங்கள்

தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பராமரிப்பாளர், தாதிய உதவியாளர் பாடநெறிகள் பெரும்பாலும் சான்றிதழ் மட்டத்தில் வருபவை. முதியோரைக் குளிப்பாட்ட, உணவு ஊட்ட, நடக்கப் பழக்க, படுக்கை மாற்ற இவர்கள் வேண்டும். ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் பராமரிப்பாளராகப் போனவர்கள் பலர். அந்த வேலைக்குப் போவதாக முடிவெடுத்து இதை எடுத்தால் தப்பில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று மட்டும் பாருங்கள். ஆனால் "நேர்சிங் முடித்தேன்" என்று நம்பிக்கொண்டு இதை எடுத்த பிள்ளை, நேர்ஸ் வேலைக்கு விண்ணப்பம் போடும் அன்றைக்குத்தான் உண்மையை அறியும்.

உயர்தரத்தில் கலைப்பிரிவோ வணிகப்பிரிவோ படித்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: தாதியர் கல்லூரிக் கதவு இப்போதைக்கு உங்களுக்கு மூடியிருக்கலாம். அதற்காகக் காசு கொடுத்து வேறொரு கதவை நேர்சிங் என்று நம்பித் திறக்க வேண்டாம். ஊரில் நாங்கள் மிட்வைஃப் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்குத் தனியாக வர்த்தமானி வரும். அதன் நிபந்தனைகளையும் பாருங்கள். கர்ப்பிணித் தாயின் வீட்டு வாசலுக்கே போய் நிற்கும் வேலை அது.

மொழி

பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கல்லூரியிலும் மருந்துப் பெயர், நோய்ப் பெயர், கட்டில் அட்டை எல்லாம் ஆங்கிலமே. விஞ்ஞானம் முழுவதையும் தமிழில் படித்த வன்னிப் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். அறிவு குறைவு என்று பிள்ளை தன்னையே குறை சொல்லும் காலமும் அதுதான்.

தமிழில் மருத்துவம் முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். பிரசவம், அறுவை, உடற்கூறு என்று நூல்களைத் தமிழாக்கினார். கிராமத்தில் தங்கி வேலை செய்யும் வைத்தியர் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வழி தொடரவில்லை. ஆகவே இன்று இரு மொழியும் வேண்டும்: பாடத்துக்கு ஆங்கிலம், நோயாளிக்குத் தமிழ். தெற்கில் நியமனம் கிடைத்தால் சிங்களமும் வேண்டிவரும். "நெஞ்சுக்க என்னவோ பண்ணுது" என்று ஒரு அம்மா சொல்வதை ஆங்கிலக் குறிப்பாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சொற்களின் பின்னால் இருக்கும் பயத்தைக் கண்டுபிடிக்கத் தமிழும் வேண்டும்.

வர்த்தமானிக்குக் காத்திருக்கும் மாதங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். துண்டுப்பிரசுரக் கல்லூரிக்குக் கட்டும் காசில் ஒரு சிறு பகுதி நல்ல ஆங்கில வகுப்புக்குப் போதும்.

வெளிநாடு

பல வீடுகளில் சொல்லாமல் மனதில் இருப்பது இதுதான். பிரித்தானியாவில் 2013 முதல் புதிதாகத் தாதியராகப் பயிற்சி பெறுவோர் பட்டமே படிக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருவோரிடம் அவர்கள் முதலில் பார்ப்பது சொந்த நாட்டில் தாதியராகப் பதிவு பெறும் தகைமையா என்பதை. அதன்பின் கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஆங்கிலம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் மொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். வளைகுடா நாடுகள் வேலை அனுபவத்தையும் கேட்கும். எல்லாப் பக்கமும் சுற்றி வந்தால் முதல் கேள்விதான் திரும்பவும் முன்னால் நிற்கிறது. பதிவு இருந்தால் டிப்ளோமாவோடும் கதவு தட்டலாம். பதிவு இல்லாவிட்டால் எந்தச் சான்றிதழாலும் தட்ட முடியாது.

இனி அந்த மேசைக்குத் திரும்புவோம்

முல்லைத்தீவு நிரலில் தாதியத்துக்கு வந்த வெட்டுப்புள்ளிக்கு மேலே பிள்ளையின் இசட் புள்ளி இருந்து, நான்கு ஆண்டுச் செலவை வீடு தாங்கும் என்றால், கைநூலை எடுங்கள். புள்ளி மட்டுமட்டு, அல்லது வீட்டுக்கு மூன்றாம் ஆண்டு முடிவிலேயே சம்பளம் வேண்டும் என்றால், வர்த்தமானிக்குத் தயாராகுங்கள். திறந்த பல்கலைக்கழகம் பின்னால் காத்திருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தில் பதிந்த பின் தாதியர் கல்லூரிக்கு வரலாமா என்பதை அந்த முறை வர்த்தமானியில் பாருங்கள். ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு இடம் குறைவு என்பதால் பல்கலைக்கழக விருப்ப வரிசையைக் கவனமாக எழுத வேண்டும்.

விண்ணப்பம் போடுமுன் ஒரு நாளைச் செலவழியுங்கள். ஒட்டுசுட்டான் வைத்தியசாலைக்கோ மாங்குளத்துக்கோ மாஞ்சோலைக்கோ மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பகல் கடமை முடிந்து கைப்பையோடு பஸ்ஸுக்கு நிற்கும் நேர்ஸ் ஒருவரிடம் கேளுங்கள்: "மிஸ், நீங்கள் எங்க படிச்சனீங்கள்?" ஒருவர் வவுனியா கொலிஜ் என்பார், இன்னொருவர் யாழ்ப்பாண கம்பஸ் என்பார். சீருடையைப் பார்த்து உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் இருவரும் எழுத்தில் வைத்திருக்கும் ஒரு பொருளை மட்டும் கேட்டுப் பாருங்கள்: தாதியர் சபைப் பதிவு. பிறகு வீட்டுக்கு வந்து மூன்றாவது தாளை மேசையிலிருந்து எடுத்துவிடலாம்.